கல்லீரலின் எட்டு மணி நேரம்

பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர் மறுநாள் காலை எழுந்து காபி கேட்கக்கூடும். கொஞ்சம் குமட்டல், ஒன்றிரண்டு வாந்தி, அவ்வளவுதான். முதல் சில மணி நேரத்தில் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள்கூடப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். "நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை" என்று வீட்டார் பெருமூச்சு விடுகிற அந்த நேரத்தில்தான் வலது விலா எலும்புக்கு அடியில் காரியம் கெட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டாம் நாள் மேல்வயிற்றின் வலப்பக்கம் வலிக்கத் தொடங்கும். மூன்றாம், நான்காம் நாளில் கண் மஞ்சளாகும், ரத்தம் உறைய மறுக்கும், பேச்சு தடுமாறும். அதன்பிறகு டாக்டர்கள் கல்லீரல் மாற்று அறுவையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

அந்த முதல் நாள் ஏன் அவ்வளவு அமைதியாகக் கழிகிறது? உள்ளே யாரோ தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் காரணம். அந்த ஆளின் பெயர் குளூட்டாதயோன். இன்று இந்தப் பெயரை அழகு நிலைய விளம்பரங்களில், 'நிறம் கூட்டும் ஊசி' என்ற வாக்குறுதியோடு பார்க்கிறோம். மருத்துவ வரலாற்றில் அதற்கு இதைவிட மதிப்பான இடம் உண்டு. உடம்புக்குள் வரும் பல நச்சுகளை நம் செல்கள் சமாளிப்பது இதை வைத்துத்தான். செல்லைக் காப்பாற்றுவதில் குளூட்டாதயோனின் இருப்பைவிட, தீரத் தீர அதைச் செய்து கொடுக்கும் வேகத்துக்கே பங்கு அதிகம். பல பேர் கோட்டை விடும் இடமும் இதுதான். ஊசி விற்பவர்களும் இதில் அடக்கம்.

மூன்று துண்டு, இரண்டு படி

1888-இல் பிரெஞ்சுக்காரர் ஜோசப் தெ ரே-பையாட் ஈஸ்ட்டில் கந்தகத்தோடு வினைபுரியும் ஒரு பொருளைக் கவனித்தார். அதைத் தனியே பிரித்தெடுத்து, 1921-இல் குளூட்டாதயோன் என்று பெயர் வைத்தவர் கேம்பிரிட்ஜின் ஃபிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ். இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்தது என்று முதலில் அவர் கணித்தார். மற்றவர்கள் மறுத்தார்கள். திரும்பவும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, 1929-இல் அது மூன்று அமினோ அமிலங்களின் கோவை என்று அவரே திருத்திக்கொண்டார். அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் வந்தது. ஆனால் வைட்டமின் ஆய்வுக்காக.

அந்த மூன்று, குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின். செல்லுக்குள் இரண்டு படிகளில் இவை கோக்கப்படுகின்றன. முதல் படியில் ஒரு நொதி குளூட்டமேட்டையும் சிஸ்டீனையும் இணைக்கும். அடுத்த படியில் இன்னொரு நொதி கிளைசினைச் சேர்க்கும். ஒவ்வொரு படிக்கும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. ஒன்று செலவாகும். குளூட்டமேட்டும் கிளைசினும் பொதுவாகக் கையில் தாராளமாகப் புழங்குபவை. தட்டுப்பாடு எப்போதும் சிஸ்டீனில்தான். வேலை செய்யும் முனையும் சிஸ்டீனுடையதுதான்: அதில் தொங்குகிற கந்தகம், எலக்ட்ரான் பசியோடு அலையும் மூலக்கூறு எது வந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. குளூட்டமேட்டும் சிஸ்டீனும் வழக்கமான புரதங்களில் இருப்பதைப்போல இணைவதில்லை. பக்கவாட்டுக் கரம் வழியாக இணைகின்றன. அதனால் செல்லுக்குள் புரதங்களை வெட்டித் தள்ளும் நொதிகள் இதைத் தொட முடிவதில்லை. செல்லில் அது சேர்ந்திருக்கும் அளவு 1 முதல் 10 மில்லிமோலார். ரத்தத்தில் ஓடும் சர்க்கரையின் செறிவு சுமார் 5 மில்லிமோலார் என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு தாராளம் என்று புரியும்.

தாராளமாக இருந்தாலும் தேங்கி நிற்பதில்லை. எலியின் கல்லீரலில் உள்ள குளூட்டாதயோனில் பாதி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போய், புதியது வந்துவிடுகிறது. போதுமான அளவு சேர்ந்ததும் குளூட்டாதயோனே போய் முதல் படி நொதியின் கையைக் கட்டிப்போடும். குறைந்தால் கட்டு தளரும், உற்பத்தி ஏறும். வெளியிலிருந்து யாரும் கணக்கு எழுத வேண்டியதில்லை.

இதன் வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, செல்லிலேயே பிறக்கும் தொல்லைகளைத் தணிப்பது. இதில் குளூட்டாதயோன் எலக்ட்ரானை இழந்து ஜோடி ஜோடியாகிவிடும். ஆனால் வேறொரு நொதி அதைப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதாவது, மறுசுழற்சி. இரண்டாவது வேலை நச்சோடு தன்னையே ஒட்டிக்கொண்டு, பித்தத்திலோ சிறுநீரிலோ வெளியேறிவிடுவது. இதில் திரும்பி வருதல் கிடையாது. ஒரு நச்சு மூலக்கூறுக்கு ஒரு குளூட்டாதயோன், போனால் போனதுதான். பாராசிட்டமால் கதை இந்த இரண்டாவது கணக்கில் வருகிறது.

பெதஸ்தா எலிகளும் எடின்பரோ வார்டும்

பாராசிட்டமாலை ஜெர்மானியரான ஃபான் மேரிங் 1893-லேயே மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து ஒதுக்கிவிட்டார். 1948-இல் நியூயார்க்கில் பெர்னார்ட் பிரோடியும் ஜூலியஸ் ஆக்ஸல்ராடும் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். 1955-இல் அமெரிக்காவில் டைலனால், 1956-இல் பிரிட்டனில் பனடால் என்று கடைக்கு வந்தது. ஆஸ்பிரின்போல வயிற்றைப் புண்ணாக்காது, குழந்தைக்கும் கொடுக்கலாம் என்று நல்ல பெயர். சொன்ன அளவில் சாப்பிட்டால் அந்தப் பெயருக்கு இன்றும் குறையில்லை. 1966-இல் டேவிட்சன், ஈஸ்ட்ஹாம் என்ற இருவர் ஸ்காட்லாந்திலிருந்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய பிறகுதான், அளவு மீறினால் அது கல்லீரலை அழிக்கும் என்பது வெளியே தெரிந்தது.

எப்படி அழிக்கிறது? 1973-இல் அமெரிக்காவின் பெதஸ்தாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்திலிருந்து வரிசையாக வந்த ஆய்வறிக்கைகளில் விடை இருந்தது. ஜெரி மிட்செல், டேவிட் ஜாலோ ஆகியோர் செய்த வேலை அது. அந்த அறிக்கைகளை எழுதியவர்களில் அதே பெர்னார்ட் பிரோடியும் ஒருவர்! மருந்துக்கு உயிர் கொடுத்தவரின் கையாலேயே அதன் விஷமும் வெளிச்சத்துக்கு வந்தது.

வழக்கமான அளவில் சாப்பிடும்போது, பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் சர்க்கரை அமிலத்தோடோ சல்ஃபேட்டோடோ கோத்துச் சிறுநீருக்கு அனுப்பிவிடும். 5 முதல் 10 சதவீதம் மட்டும் வேறொரு நொதியிடம் மாட்டி, நாப்கி என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் முரட்டுப் பொருளாக மாறும். (பூனைகளுக்கு அந்தச் சர்க்கரை அமிலப் பாதை மிகவும் பலவீனம். காய்ச்சலடிக்கிறதே என்று வீட்டுப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையிலேயே செத்துவிடக்கூடும்.) நாப்கி பிறந்த இடத்திலேயே குளூட்டாதயோன் அதைக் கட்டிப்பிடித்து வெளியேற்றிவிடுவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை.

எலிகளுக்கு அளவை ஏற்றிக்கொண்டே போனபோது மிட்செல் குழு பார்த்தது இதை: குளூட்டாதயோன் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுமார் 70 சதவீதம் தீர்ந்த பிறகுதான் நாப்கி செல்லின் புரதங்கள்மேல் போய் ஒட்ட ஆரம்பிக்கிறது. அதன்பிறகு சாவு வேகமாக நடக்கிறது. வேறொரு ரசாயனத்தால் குளூட்டாதயோனை முன்கூட்டியே வற்றடித்த எலிகள் குறைந்த அளவிலேயே மடிந்தன. முன்கூட்டியே சிஸ்டீன் கொடுக்கப்பட்ட எலிகள் பிழைத்தன.

கல்யாணப் பந்தியில் இதைப் பார்த்திருக்கிறோம். இலை போட்டாகிவிட்டது, ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அடுப்பும் எரிகிறது, சமையற்காரரும் நிற்கிறார். அரிசி மூட்டைதான் காலி. வடித்த சோறு இருக்கும்வரை பந்தியில் யாருக்கும் விஷயம் தெரியாது. கல்லீரலில் தீர்ந்துபோகும் அரிசி சிஸ்டீன்.

எடின்பரோவின் ராயல் இன்ஃபர்மரியில் விஷம் குடித்தவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. அங்கே பணியாற்றிய லாரி பிரெஸ்காட் இந்த எலிக் கதையை மனிதரிடம் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். குளூட்டாதயோனையே ஊசியில் ஏற்றினால் என்ன? பெரும்பாலான செல்கள் அதை முழுசாக உள்ளே எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே கந்தகம் தாங்கிய வேறு பொருள்கள் தேவைப்பட்டன. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்காக முன்பே ஆராயப்பட்டிருந்த சிஸ்டியமினை எடுத்தார். 1974-இல் லான்செட்டில் முடிவு வந்தது: கல்லீரல் தப்பியது, ஆனால் மருந்தின் பக்க விளைவுகளால் நோயாளிகள் வாந்தியெடுத்துத் துவண்டார்கள். மெத்தியோனினையும் முயன்றார்கள். கடைசியில் கைக்கு எட்டிய இடத்திலேயே ஒரு மருந்து இருந்தது. நெஞ்சுச் சளியை இளக்க 1960-களிலிருந்து புழக்கத்திலிருந்த அசிட்டைல்சிஸ்டீன். நம்மூர் வார்டுகளில் 'என்.ஏ.சி.'. சிஸ்டீனுக்கு ஓர் அசிட்டைல் தொப்பி மாட்டிய பொருள். செல்லுக்குள் போனதும் தொப்பி கழன்று, சிஸ்டீன் கிடைத்துவிடும்.

1979-இல் பிரெஸ்காட்டும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையின் எண்கள் இன்றும் படிக்கும்போது மனதைத் தொடுகின்றன. கடுமையாகப் பாராசிட்டமால் விஷம் ஏறிய 100 பேருக்கு நரம்பு வழியாக இந்த மருந்து. 10 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய 62 பேரில் கல்லீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டது ஒரே ஒருவருக்கு. மருந்தில்லாமல் பொதுக் கவனிப்பு மட்டும் பெற்ற பழைய நோயாளிகள் 57 பேரில் 33 பேருக்குக் கல்லீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. முழுப் பாதுகாப்புக்கான எல்லை, விழுங்கியதிலிருந்து 8 மணி நேரம். அதைத் தாண்டினாலும் மருந்து கொடுப்பார்கள், பலனும் உண்டு. ஆனால் அந்த உத்தரவாதம் கிடையாது.

இன்றும் அந்தக் கணக்கு ஏறத்தாழ அப்படியே ஓடுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் பாட்டிலில் 9 கிராம், அடுத்த 4 மணி நேரத்தில் 3 கிராம், அதற்கடுத்த 16 மணி நேரத்தில் 6 கிராம். மருந்துக் குப்பியை உடைத்ததும் அழுகிய முட்டையின் நாற்றம் வார்டில் பரவும், கந்தகத்தின் கைவரிசை. சிலருக்கு முதல் பாட்டில் ஏறும்போது உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். சிறிது நேரம் நிறுத்தி, வேகத்தைக் குறைத்து மறுபடி ஆரம்பிப்பார்கள். இதற்காக ஊசியைக் கைவிடுவதில்லை.

மருந்து வேலை செய்வது தெரிந்தது. எப்படிச் செய்கிறது என்பதில் வாதம் இருந்தது. அது நேராகப் போய் நாப்கியைப் பிடிக்கிறதா, அல்லது கல்லீரலுக்கு மூலப்பொருள் கொடுக்கிறதா? 1983-இல் பெர்ன்ஹார்ட் லாட்டர்பர்க், கோர்கொரன், மிட்செல் மூவரும் எலிகளில் அளந்து காட்டினார்கள்: மருந்து ஏறியதும் குளூட்டாதயோன் தயாரிக்கும் வேகம் கூடுகிறது. அதாவது, காப்பாற்றுவது கல்லீரலே. நாம் அனுப்புவது அரிசி மூட்டை மட்டும். லாட்டர்பர்க்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அழகு ஊசிக்கு வரும்போது தேவைப்படும்.

வீட்டு மருந்துப் பெட்டி

பிரிட்டனில் 1998 செப்டம்பரில், சாதாரணக் கடையில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரை, மருந்துக்கடையில் 32 என்று அரசு கட்டுப்படுத்தியது. அதன்பின் 11 ஆண்டுகளில் பாராசிட்டமால் நச்சுச் சாவுகள் 43 சதவீதம் குறைந்ததாக ஆக்ஸ்ஃபோர்டின் கீத் ஹாட்டன் குழு 2013-இல் கணக்கிட்டது. பெட்டியின் அளவு என்ற சின்ன விஷயம் எவ்வளவு உயிரைப் பிடித்து நிறுத்துகிறது!

நம் வீடுகளில் வரும் ஆபத்து பெரும்பாலும் வேறு ரகம். காய்ச்சலுக்கு ஒரு 650, சளிக்கென்று கடைக்காரர் கொடுத்த கூட்டு மாத்திரை ஒன்று, முட்டி வலிக்கு மூன்றாவது. மூன்றின் அட்டையிலும் பொடி எழுத்தில் பாராசிட்டமால் என்றே எழுதியிருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம். அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை ஆறுக்கு மேல் எந்தக் கணக்கிலும் இடமில்லை. குடிப்பழக்கம், நாள் கணக்கில் சாப்பிடாமை, கல்லீரல் நோய் இருந்தால் டாக்டர் அதைவிடக் குறைவாகவே சொல்வார்.

தமிழ்நாட்டுக் கல்லீரல் வார்டுகளின் பெரிய தலைவலி எலி பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசையும் இப்படித்தான் முதல் நாளில் ஒன்றும் இல்லாததுபோல் ஏமாற்றும். டாக்டர்கள் என்.ஏ.சி. ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையும் செய்வார்கள்; இதில் பல உயிர்கள் மீண்டிருக்கின்றன. தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டதற்குக் காரணமும் இந்த வார்டுகள்தான். குழந்தை தெரியாமல் வாயில் வைத்தாலும், பெரியவர் ஆத்திரத்தில் விழுங்கினாலும், 'நல்லாத்தானே இருக்கான்' என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரி. மனம் கனத்துப்போய் இந்தப் பக்கத்தைப் படிப்பவர் யாராவது இருந்தால், 104-க்கோ 14416-க்கோ அழைத்துப் பேசுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.

சோளம் எப்படிப் பிழைக்கிறது?

அரிசி இருந்தால் போதுமா, கூடுதல் அடுப்பை யார் பற்றவைப்பது? செல்லுக்குள் அதற்கு ஓர் ஏற்பாடு இருப்பதை, ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் மசயுகி யமமோட்டோவின் குழு 1997-லும் 1999-லும் வெளியிட்ட ஆய்வுகளில் அவிழ்த்தது. என்.ஆர்.எஃப்-2 என்று ஒரு புரதம். குளூட்டாதயோன் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களையும், சிஸ்டீனின் ஜோடி வடிவத்தை வெளியிலிருந்து இழுத்துவரும் வாயிலின் மரபணுவையும் தட்டியெழுப்புவது அது. சாதாரண நாளில் அது 20 நிமிடம்கூட உருப்படியாக இருப்பதில்லை. கீப்-1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நச்சு ஒன்று வந்து கீப்-1இன் மேல் ஒட்டினால் பிடி தளர்ந்துவிடும். என்.ஆர்.எஃப்-2 தப்பித்து உட்கருவுக்குள் ஓடும். நச்சு ஒட்டும் அந்த இடமும் கீப்-1இல் உள்ள சிஸ்டீன்தான்! எந்தக் கந்தகத்தை வைத்து நச்சைப் பிடிக்கிறதோ, அதே கந்தகத்தை வைத்தே நச்சு வந்திருப்பதையும் செல் உணர்கிறது. இந்தப் புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகள், மற்றவை தாங்கிக்கொள்ளும் பாராசிட்டமால் அளவிலேயே செத்துப்போயின.

முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகுக் குடும்பத்துக் காய்களின் காரச்சுவைகூட கீப்-1 என்ற இந்தப் பூட்டைத் திறப்பதுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பால் தலாலே 1992-இல் புரோக்கோலியிலிருந்து பிரித்த சல்ஃபொராஃபேன் அவற்றில் பிரபலமானது. அது செடியின் கணக்கில் பூச்சியை விரட்டும் லேசான விஷம். நம் செல்லுக்கு ஒத்திகை.

செடிகளும் குளூட்டாதயோனை வைத்துத் தப்பிக்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் விதைத்தவர்களுக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லி தெரியும். விதைத்த கையோடு தெளித்தால் களை முளைக்காது. சோளம் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் எழும். சோளத்துக்கு அந்த மருந்து படவில்லை என்பதல்ல விஷயம். படத்தான் செய்கிறது, சோளம் அதை வேர் வழியாக உறிஞ்சவும் செய்கிறது. சோள இலையில் உள்ள ஒரு நொதி அட்ரசினைக் குளூட்டாதயோனோடு ஒட்டவைத்து முடக்கிவிடுகிறது. அந்த நொதி வலுவில்லாத களைகள் கருகுகின்றன. வயலில் நிற்கிற சோளத்துக்கும் ஐ.சி.யூ.வில் கிடக்கிற மனிதருக்கும் நச்சுமுறிவு வேதியியல் ஒன்றே.

அரிசி மூட்டை இல்லாத வீடுகள்

உற்பத்தி முடங்குகிற இடங்களைப் பார்த்தால், யார் யார் நச்சுக்கு எளிதில் பலியாகிறார்கள் என்பது விளங்கும்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள வெப்பமண்டல வளர்சிதை மாற்ற ஆய்வுப் பிரிவு, உடம்பு வீங்கிக் கிடக்கும் ஊட்டச்சத்துக் குறைவுக் குழந்தைகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தது. முகமும் காலும் ஊதி, முடி செம்பட்டையாகி, தோல் உரியும் அந்தக் குழந்தைகளின் ரத்த அணுக்களில் குளூட்டாதயோன் அடிமட்டத்தில் இருந்தது. செலவு அதிகமா, வரவு குறைவா? ஆஷா படலூ, ஃபாரூக் ஜஹூர் ஆகியோர் அளந்தபோது, தயாரிக்கும் வேகமே குறைந்திருந்தது. வழக்கமான உணவோடு சிஸ்டீனைச் சேர்த்துக் கொடுத்ததும் வேகம் ஏறியது. 2002-இல் இதை வெளியிட்டார்கள். அதற்குக் கந்தகம் உள்ள ஓர் அமினோ அமிலம் போதுமாக இருந்தது.

முட்டையிலும் மீனிலும் எள்ளிலும் கந்தக அமினோ அமிலங்கள் நன்றாக இருக்கின்றன. பருப்பில் குறைவு, அதோடு சேரும் அரிசியில் ஓரளவு ஈடாகிவிடுகிறது. சத்துணவில் முட்டையை வெறும் 'புரதம்' என்று பேசுபவர்கள் இதையும் சேர்த்துப் பேசலாம்.

வயதானவர்களிலும் தயாரிப்பு மந்தமாகிறது என்று ஹூஸ்டனில் பணியாற்றும் ராஜகோபால் சேகர் 2011-இல் காட்டினார். சிஸ்டீனும் கிளைசினும் கொடுத்தால் அது சீராகிறது என்பது அவர் முடிவு. அந்த ஆய்வில் முதியவர்கள் எட்டே பேர். அதை வைத்து 'இளமை திரும்பும் பொடி' என்று இணையத்தில் விற்பவர்களுக்கு எட்டுக்கும் எண்பதாயிரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மறுசுழற்சியில் கோளாறு இருப்பவர்களும் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்கள் உலகில் சுமார் 40 கோடி. அவர்களின் சிவப்பணு, பயன்படுத்திய குளூட்டாதயோனைத் திரும்பப் புதுப்பிக்கத் திணறுகிறது. மலேரியாவுக்கான பிரிமாக்குயின் மாத்திரை உள்ளே போனதும் அணுக்கள் வெடித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போகும். அந்த மாத்திரை எழுதுமுன் டாக்டர் ரத்தப் பரிசோதனை கேட்டால் பணம் பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம்.

போபாலில் நடந்தது

இத்தனை நேரம் நல்லவராகவே வந்த குளூட்டாதயோனுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட், தண்ணீரைக் கண்டால் உடனே வினைபுரிந்துவிடும் வாயு. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் ஈரத்திலேயே தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் பிழைத்தவர்களின் மற்ற உறுப்புகளிலும் பாதிப்பு தெரிந்தது. எப்படிப் பயணம் செய்தது?

அமெரிக்காவில் தாமஸ் பெய்லியின் குழு 1990-களின் தொடக்கத்தில் ஒரு வழியைக் காட்டியது. இந்த வாயுவைக் கொடுத்த எலிகளின் பித்தத்தில், குளூட்டாதயோனோடு அது ஒட்டிய வடிவம் கிடைத்தது. ஒட்டுதல் இங்கே நிரந்தரமில்லை, பிரிந்துகொள்ளக்கூடியது. ஓரிடத்தில் பிடித்த நச்சை ரத்தத்தில் ஏற்றிக்கொண்டு போய் இன்னோரிடத்தில் குளூட்டாதயோன் இறக்கிவிடலாம். காப்பாற்ற வந்த வண்டியே விஷத்தை ஊர் முழுக்க விநியோகித்திருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். போபாலின் எல்லாத் துயரத்தையும் இந்த ஒரு விளக்கத்துக்குள் அடைத்துவிட முடியாது. ஆனால் குளூட்டாதயோன் என்றாலே நன்மை என்று எழுதுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நிறத்துக்கு ஊசி

அதே குளூட்டாதயோன் இன்று நகரத்து அழகு நிலையங்களில் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறுகிறது. கல்யாணத்துக்கு முன் இத்தனை 'சிட்டிங்' என்று கணக்கு. இதன் பின்னால் ஒரு வேதியியல் இருப்பது உண்மை. தோலின் கறுப்பு நிறமி உருவாகும் பாதையில் கந்தகம் குறுக்கிட்டால், கருநிறமிக்குப் பதில் செம்மஞ்சள் நிறமி உருவாகலாம். ஆய்வுக்கூடத் தட்டில் இது நடக்கிறது. தட்டிலிருந்து மணமேடைக்கு வருகிற வழியில்தான் கதை கந்தலாகிறது.

நரம்பில் ஏற்றிய குளூட்டாதயோன் ரத்தத்தில் நிலைப்பது சில நிமிடங்கள். சிறுநீரகத்தில் அதை வெட்டும் நொதி காத்திருக்கிறது. வாயால் விழுங்கினால்? லாட்டர்பர்க்கை இங்கே மறுபடி சந்திக்கிறோம். 1992-இல் ஸ்விட்சர்லாந்தில் அவரும் சகாக்களும் ஏழு ஆரோக்கியமானவர்களுக்கு ஒரே தடவையில் 3 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் குறிப்பிடத்தக்க ஏற்றமே இல்லை. மாதக்கணக்கில் தினமும் விழுங்கினால் ரத்த அணுக்களில் அளவு ஓரளவு கூடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது உண்மைதான். அதற்கும் குடலில் உடைந்து உள்ளே போகும் மூலப்பொருள் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் முட்டையே மலிவு.

பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே எச்சரிக்கை வெளியிட்டது. அங்கே அந்த ஊசிக்கு அனுமதி, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தோடு துணையாகக் கொடுப்பதற்கு மட்டும். வெள்ளையாக்குவதற்கு அல்ல. தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், தைராய்டு கோளாறு, சிறுநீரகச் செயலிழப்பு என்று ஆபத்துகளைப் பட்டியலிட்டது அந்த அறிவிப்பு. நம் ஊர் விளம்பரங்களில் இதில் ஒரு வரிகூட இருக்காது. கறுப்பாகப் பிறந்ததில் என்ன குறை என்ற கேள்வியையும் எந்த விளம்பரமும் கேட்காது.

அணைக்க வேண்டிய அடுப்பு

சிஸ்பிளாட்டின் என்றதும் இன்னொரு சிக்கல் வந்துவிடுகிறது. புற்றுச் செல்லும் செல்தான். வேகமாகப் பெருகும் அதற்குள் பெராக்சைடு எக்கச்சக்கமாகப் பிறக்கும். பிழைக்க வேண்டுமானால் குளூட்டாதயோன் வேண்டும். நுரையீரல் புற்றுகளில் ஒரு பகுதியில் கீப்-1 பழுதாகிக் கிடக்கிறது. பிடித்து வைக்க ஆளில்லாமல் என்.ஆர்.எஃப்-2 இரவும் பகலும் அடுப்பை எரியவிடுகிறது. மருத்துவர் ஏற்றும் கீமோ மருந்தையே நச்சாகக் கருதிக் கட்டி வெளியே அனுப்பிவிடுகின்றன அந்தச் செல்கள்.

2014-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் மார்ட்டின் பெர்கோவின் குழு, நுரையீரல் புற்று உள்ள சுண்டெலிகளுக்கு என்.ஏ.சி.யும் வைட்டமின் ஈ-யும் கொடுத்தது. கட்டிகள் வேகமாக வளர்ந்தன, சுண்டெலிகள் சீக்கிரம் செத்தன. எடின்பரோவில் உயிர் காத்த அதே மருந்து! 'ஆன்டி-ஆக்ஸிடன்ட்' என்ற முத்திரையைக் கண்ட இடமெல்லாம் வாங்கிப் புற்றுநோயாளிக்கு ஊட்டும் சொந்தக்காரர்கள், முதலில் புற்றுநோய் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

உற்பத்தியை நிறுத்த ஆளும் இருக்கிறது. நியூயார்க்கில் ஆல்டன் மெய்ஸ்டரின் கூடத்தில் ஓவன் கிரிஃபித் 1979-இல் உருவாக்கிய பி.எஸ்.ஓ. என்ற பொருள், முதல் படி நொதியைச் சரியாகப் பிடித்து முடக்கும். குளூட்டாதயோன் இல்லாத செல் எப்படியிருக்கும் என்று பார்ப்பதற்கான ஆய்வுக்கருவியாக வந்தது அது. பின்னால், குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புப் புற்றில், மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துச் சோதித்தார்கள். கட்டியின் கேடயத்தைக் கழற்றிவிட்டுப் பிறகு அடிப்பது என்பது திட்டம். ஆனால் பி.எஸ்.ஓ.வுக்குக் கட்டி எது, கல்லீரல் எது என்று தெரியாது. இரண்டிலும் அடுப்பை அணைத்துவிடும். கட்டியின் செல்லில் மட்டும் இந்த நொதியை முடக்கி, பக்கத்துச் செல்லை விட்டுவைக்கும் வழியை ஆய்வுக்கூடங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன.